இருமுறை நாடிழந்த லாமா

திபேத் ஜனங்கள் நாடிழந்து வாழும் கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் 1959-ஆம் வருஷத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் பதினான்காவது தலாய் லாமா லாஸா நகரை விட்டு நீங்கி நம் தேசத்தில் அடைக்கலம் புகுந்தது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அதற்கு 49 வருஷங்களுக்கு முன்னரே, அதே பீடத்தில் அவருக்கு முன்பு வீற்றிருந்த பதின்மூன்றாவது தலாய் லாமாவும் நம் தேசத்துக்குத் தஞ்சம் தேடி வந்தார். அவர் இரண்டு வருஷங்களுக்கு மேல் இங்கே தங்கினார். பிறகு திரும்பிச் சென்று தம் நாட்டை மீட்டார். முன்னவர் மீண்டார், பின்னவரால் மீள முடியவில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன? துப்தேன் கியாட்ஸோ என்ற அப்பெரியாரின் சரித்திரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

எங்கேயோ பனிமலைக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் கதை தமிழனுக்கு எதற்கு என்று கேட்பவரும் இருக்கலாம். காஞ்சிமாநகரில் வாழ்ந்தவர் என்று கருதப்படும் தண்டியாசிரியரின் அலங்கார நூலை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் திபேத்தியர் தம் மொழியில் பெயர்த்தனர். இன்றளவும் அவர்களுடைய கவிதை இலக்கணத்துக்கு அதுவே அடிப்படை. காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று பௌத்த மரபு கூறும் திங்நாகரின் தர்க்க நூல், முழுமையாக நமக்குக் கிடைப்பது திபேத்திய மொழிபெயர்ப்பில்தான். நாம் கைந்நெகிழ விட்ட செல்வத்தை அவர்கள் காப்பாற்றி வைத்தார்கள். அவ்வளவில் நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

துப்தேன் கியாட்ஸோ 1876-ல் தென்கிழக்குத் திபேத்தில் ஓர் எளிய குடியானவர் வீட்டில் பிறந்தார். முந்திய லாமாவின் மறு அவதாரம் என்று கண்டெடுக்கப்பட்டு, 1879-ல் குழந்தையாகவே பீடமேற்றப்பட்டார். அப்பீடம் அக்காலத்தில் அபாயமானது. அவருக்கு முன்னிருந்த நான்கு தலாய் லாமாக்களும் 22 வயது நிரம்புமுன் மாண்டுபோயினர். அவர்கள் பெயரால் ராஜப் பிரதிநிதிகளே நாட்டை ஆண்டனர். இவரோ 1895-ல் ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றார்; தம்மை ஒழிக்க நடந்த சதியையும் வென்றார். நூறாண்டுக்குப் பின் திபேத் தன் தலைவரின் நேர் ஆட்சியைக் கண்டது.

அவருடைய முதல் தவறு, கதவைச் சாத்திக்கொண்டால் புயல் உள்ளே வராது என்று நம்பியது. கர்ஸன் பிரபு எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பின. அவை திரும்பிய கோபமும், ருஷ்யா அங்கே புகுந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து, 1903-ல் யங்ஹஸ்பெண்டின் தலைமையில் ஒரு படையாகக் கிளம்பின. 1904 மார்ச்சு 31-ந் தேதி குரு என்னுமிடத்தில், பழைய துப்பாக்கியும் வாளும் தாயத்துமாக வழிமறித்து நின்ற திபேத்தியர் நூற்றுக்கணக்கில் சில நிமிஷங்களில் மடிந்தனர். அப்படையில் பெரும்பாலோர் நம் தேசத்துச் சிப்பாய்கள் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் படை லாஸாவை அடைந்தபோது, தலாய் லாமா அங்கே இல்லை. வடக்கே மங்கோலியா நோக்கிப் புறப்பட்டுவிட்டார். இதுவே அவர் முதல் முறை நாடிழந்தது.

ஐந்து வருஷங்கள் மங்கோலியாவிலும் சீனத்திலும் அவர் அலைந்தார். 1908-ல் பீகிங் நகரில் சீனச் சக்கரவர்த்தியின் சபையில், குருவாக இருந்த தம்மைக் கீழ்ப்படிந்த ஊழியராகக் குறிக்கும் பட்டத்தைச் சுமக்க வேண்டி வந்தது. புரவலரும் குருவுமாக இருந்த பழைய உறவை, எஜமானும் ஏவலாளுமாகச் சீனம் மாற்றப் பார்க்கிறது என்பதை அவர் அங்கேயே உணர்ந்தார். 1909 டிசம்பரில் லாஸாவுக்குத் திரும்பினார். இரண்டு மாதமாகவில்லை, 1910 பிப்ரவரி 12-ந் தேதி சீனப் படை நகரில் நுழைந்தது. அன்றிரவே அவர் சிறு பரிவாரத்துடன் தெற்கே குதிரையேறினார். துரத்தி வந்த சீனரை அவருடைய இளம் பணியாள் ஒருவர் சிலரைத் துணைக்கொண்டு ஆற்றுத்துறையில் தடுத்து நிறுத்தினார். அம்மாதம் முடியுமுன் லாமா இந்திய எல்லையைக் கடந்துவிட்டார். ஆறு வருஷங்களுக்கு முன் எவருடைய படைக்கு அஞ்சி ஓடினாரோ, அவர்களுடைய நிழலையே நாட வேண்டியதாயிற்று!

பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு இடம் கொடுத்தது, கை கொடுக்கவில்லை. 1910 மார்ச்சில் கல்கத்தாவில் வைசிராய் மிண்டோ பிரபு அவரை மரியாதையாக வரவேற்றார். ஆனால் திபேத்துக்கும் சீனத்துக்கும் நடுவே தாம் தலையிடுவதற்கில்லை என்று சர்க்கார் தெரிவித்துவிட்டது. இந்த ஏமாற்றத்திலும் லாமா சோர்ந்துவிடவில்லை. டார்ஜிலிங் வாசம் அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. திபேத்திய மொழி வல்லவரான சார்லஸ் பெல் என்ற உத்தியோகஸ்தரோடு உலக விவகாரங்களை மணிக்கணக்காகப் பேசினார். தந்தி, ரயில், தபால், பயின்ற பட்டாளம் ஆகியவை ஒரு தேசத்தின் எலும்பும் நரம்புமாவதைக் கண்ணாரக் கண்டார். நாட்டிலிருந்த தம்மவருக்கு இரகசியமாகக் கட்டளைகள் அனுப்பி, எதிர்ப்பையும் ஒழுங்கு செய்தார்.

1911-ல் சீனத்தில் புரட்சி வெடித்தது. லாஸாவிலிருந்த சீனப் படை தனக்குள்ளேயே கலகப்பட்டது. திபேத்தியர் எழுந்தனர். 1912-ல் அப்படை ஆயுதத்தைக் கீழே வைத்து, இந்தியா வழியாகக் கப்பலேறித் தன் நாட்டுக்குச் சென்றது. 1913 ஜனவரியில் தலாய் லாமா லாஸாவில் பிரவேசித்தார். அடுத்த மாதமே தம் ஜனங்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். சீனத்தோடு இருந்தது குரு–புரவலர் உறவேயன்றி அடிமை உறவன்று என்று அதில் விளக்கினார். குற்றவாளியின் அங்கங்களைத் துண்டிக்கும் தண்டனையை விலக்கினார். தரிசைத் திருத்திப் பயிரிடும் ஏழைக்கு மூன்று வருஷம் வரியில்லை என்றார். நாட்டைக் காக்கும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும் அறிவுறுத்தினார்.

அவர் செய்தவை சொல்லில் நிற்கவில்லை. தபால் முத்திரையும் காகித நாணயமும் வெளியாயின. 1913-ல் நான்கு சிறுவர் இங்கிலாந்துக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவர் பின்னர் லாஸாவுக்கு மின்சார விளக்கைக் கொண்டு வந்தார். 1916-ல் வைத்தியமும் சோதிடமும் கற்பிக்கும் கலாசாலை நிறுவப்பட்டது. 1922-ல் தந்தி லாஸாவை எட்டியது. புதிய முறையில் பயின்ற பட்டாளமும் வளர்ந்தது.

ஆனால் இங்கேதான் கதையின் துன்பம் தொடங்குகிறது. பட்டாளத்துக்குப் பணம் வேண்டும். பணம் மடங்களின் நிலத்திலிருந்து வர வேண்டும். ஸெரா, திரேபுங், காந்தேன் என்ற மூன்று மகா மடங்களும், பழைய பிரபுக்களும் இதைப் பொறுக்கவில்லை. புதுமை வந்தால் மதம் அழியும் என்று முறையிட்டனர். வரித் தகராறு முற்றி 1923-ல் பஞ்சேன் லாமா நாட்டைவிட்டு வெளியேறினார். பட்டாளத்தின் அதிகாரிகளிலேயே சிலர் தமக்கு எதிராகத் திரும்புவரோ என்ற ஐயம் தலாய் லாமாவுக்கும் உண்டாயிற்று. இளம் அதிகாரிகள் பதவி இறக்கப்பட்டனர். கியான்ட்ஸேயில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி மூன்று வருஷம்கூடத் தாங்காமல் 1926-ல் மூடப்பட்டது. சர்வதேச சங்கத்திலும் திபேத் அங்கத்தினராகவில்லை. சாத்திய கதவு மறுபடியும் சாத்தியபடியே நின்றது.

1932-ல் அவர் தம் ஜனங்களுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தார். மங்கோலியாவில் மடங்களுக்கு நேர்ந்த அழிவைக் காட்டி, நாம் நம்மைக் காத்துக்கொள்ளாவிடில் அதே கதி நமக்கும் வரும். மடமும் நிலமும் மதமும் எல்லாம் போகும் என்ற கருத்தைத் தெளிவாகவே கூறினார். 1933 டிசம்பர் 17-ந் தேதி காலமானார். 1950 அக்டோபரில் சீனப் படை மீண்டும் வந்தபோது, திபேத்துக்குப் போதிய பட்டாளமில்லை. உலக சபையில் ஆசனமுமில்லை. அம்முறையீட்டை ஐக்கிய நாடுகளின் சபை ஒத்திவைத்தபோது, அவ்வாறு ஒத்திவைக்கலாம் என்று பேசியவர்களுள் நம் சுதந்திர பாரதத்தின் பிரதிநிதியும் ஒருவர்.

விதியின் விசித்திரத்தைப் பாருங்கள். பட்டாளத்துக்கு நிலவரி தர மறுத்த அம்மூன்று மடங்களும் இன்று கன்னட நாட்டில் இருக்கின்றன: ஸெரா பைலகுப்பேயில், மற்றவை முண்டகோட்டில். 1960-ல் மைசூர் சர்க்கார் பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலம் அளித்தது. துறவிகளும் குடியானவரும் அக்காட்டைத் திருத்தியே குடியேறினர். லாமா நிறுவிய வைத்திய கலாசாலையும் 1961-ல் தர்மசாலையில் மறுபடி உயிர் பெற்றது. அவர் நட்ட வித்து, நாடு போன பின்னும் முளைத்தது.

நம் அன்னவாசலுக்கு அடுத்த சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பாட்டத்துக் குகையில், சமண முனிவரின் கற்படுக்கைகள் வழுவழுப்பாக இன்றும் கிடக்கின்றன. மலையின் மறுபுறத்துக் குகைக்கோயிலில் தாமரைத் தடாகத்தின் ஓவியமும் இருக்கிறது. பார்க்க வருவோர் உண்டு. அப்படுக்கையில் படுத்து நோன்பு நோற்போர் இல்லை. கல்லும் வர்ணமும் தாமாக ஒரு மரபைக் காப்பதில்லை. அதை ஓதுவோரும், ஒழுகுவோரும், குழந்தைகளுக்குக் கற்பிப்போரும் இருந்தால்தான் அது உயிரோடிருக்கும். துப்தேன் கியாட்ஸோ இதற்கு மேலும் ஒன்றைக் கண்டார்: அம்மனிதர் நிற்பதற்கு ஒரு நிலமும், அந்நிலத்துக்குக் காவலும் வேண்டும். பழைமையைக் காக்கவே புதுமை வேண்டும் என்றார் அவர். பழைமையின் காவலரென்று தம்மைச் சொல்லிக்கொண்டோரே அவரைத் தடுத்தார்கள்.

அந்நிய ஆட்சியின் நாளில் அவருக்கு இங்கே கிடைத்தது இடம் மாத்திரமே. சுதந்திரம் பெற்ற நாம் அவர் வழித்தோன்றல்களுக்கு இடத்தோடு பள்ளியும் பயிர்நிலமும் கொடுத்தோம். அது நமக்குப் பெருமையே. அவர்கள் தம் மொழியையும் மதத்தையும் மறவாமல் தம் நாட்டு வழியை நோக்கி நிற்கும்வரையில், அக்கொடையைக் குறைவின்றித் தொடர்வது நம் கடமை. அதனோடு, நம் மரபுகளை நாம் எப்படிக் காக்கிறோம், காவலென்ற பெயரால் எந்தக் கதவுகளைச் சாத்திவைத்திருக்கிறோம் என்பதையும் நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.