மனைவி, மகளை இழந்த பின்னும் பர்மிய பைபிளை ஜட்சன் முடித்தது எப்படி?

பர்மிய மொழியில் முழு பைபிளையும் மொழிபெயர்த்தவர் அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன். 1813-ல் மனைவி ஆனுடன் ரங்கூன் போய்ச் சேர்ந்தார். ஆங்கிலேய - பர்மியப் போர் வந்ததும் உளவாளி என்று சந்தேகப்பட்டு சிறையில் தள்ளினார்கள். அதிகாரிகளிடம் கெஞ்சி, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து அவர் உயிரைக் காப்பாற்றியவர் ஆன்தான்.

அந்த ஆன் 1826 அக்டோபரில் காய்ச்சலில் இறந்தபோது ஜட்சன் ஊரில் இல்லை. ஆறே மாதத்தில் 2 வயது மகள் மரியாவும் போய்விட்டாள்.

விசுவாசி என்றால் கலங்கவே கூடாது என்று பலரும் நினைக்கிறோம். ஜட்சன் உடைந்தே போனார். காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுள் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவரைத் தன்னால் உணர முடியவில்லையே என்பதுதான் வேதனை.

அந்த இருள் ஒரே நாளில் விலகவில்லை. ஆனாலும் ஜெபத்தை விடவில்லை. மெல்ல மெல்ல மொழிபெயர்ப்புக்குத் திரும்பினார். 1834 ஜனவரி 31-ல் வேலை முடிந்தது. 1845-ல் இரண்டாவது மனைவி சாராவும் இறந்தார். அப்போதும் பர்மா திரும்பி அகராதிப் பணியைத் தொடர்ந்தார். 1850-ல் கடல் பயணத்தில் காலமானார். மியான்மர் சபைகளில் அவரது பைபிளை இன்றும் வாசிக்கிறார்கள்.