பேராசிரியர் சேஷாத்திரி

பூவின் நிறங்கண்டு மகிழாதார் யார்? புலவர் அதனைப் பாடுவர். ஓவியர் அதனைத் தீட்டுவர். அந்நிறம் செடியினுள் எவ்வாறு உண்டாயிற்று என்று வினவி, அதற்கு விடை காண்பதிலே வாழ்நாளைச் செலவிட்டவர் நம் தமிழ் நாட்டிற் பிறந்த இரசாயன அறிஞர் தி. இரா. சேஷாத்திரி ஆவர். அன்னாரது வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1900ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 3ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில், பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு மகனாக இவர் தோன்றினார். திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பயின்று, பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியை அடைந்தார். பட்டம் பெற்றதும் பொருளீட்டப் புறப்படாது, ஓராண்டு இராமகிருஷ்ண சங்கத்தின் தொண்டில் ஈடுபட்டார். அதன்பின் பேராசிரியர் பி. பி. டே என்பாரிடம் ஆராய்ச்சி பயின்று, 1927இல் மேனாடு சென்றார்.

ஆங்கு மூவர் இவருக்கு ஆசிரியராயினர். மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் மலேரியா மருந்துகளையும் மலர் நிறங்களையும் பற்றி ஆய்ந்து, 1929இல் டாக்டர் பட்டம் பெற்றார். எடின்பரோவில் ஜார்ஜ் பார்ஜரிடம் செடிகளின் காரப்பொருள்களை ஆய்ந்தார். ஆஸ்திரியா நாட்டுக் கிராட்ஸ் நகரில், 1923இல் நோபெல் பரிசு பெற்ற பிரெகிலிடம் நுண்பகுப்பு முறையைக் கற்றார். ஒரு பொருளைப் பகுத்தறிதற்கு முன்னர் ஏறக்குறைய 200 மில்லிகிராம் வேண்டியிருக்க, பிரெகில் சில மில்லிகிராம் அளவிலேயே அதனை முடித்துக் காட்டினார். ஒரு கூடை பூவிலிருந்து ஒரு சிட்டிகை பொருளே கிட்டும் ஆராய்ச்சிக்கு இதனினும் சிறந்த கருவி யாது?

1930இல் தாயகம் மீண்ட சேஷாத்திரி, கோயம்புத்தூரில் விவசாய ஆராய்ச்சித் துறையிற் சிலகாலம் பணியாற்றி, 1933இல் வால்டேரிலுள்ள ஆந்திர சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கு இரசாயனப் பகுதியை வளர்க்கும் பொறுப்பு இவரைச் சார்ந்தது. அயல் நாட்டு அரும்பொருள்களை நாடாது, நம் வயலிலும் வேலியிலும் வளர்வனவற்றையே இவர் ஆராய்ச்சிக்குக் கொண்டார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறத்தையும், புங்க விதையின் சத்துக்களையும், பாறையிற் படரும் கற்பாசியையும் தம் மாணாக்கரோடு ஆய்ந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது சர்வகலாசாலைக் கட்டடங்களைப் படையினர் கைக்கொண்டனர். ஆய்கூடம் குண்டூருக்கும், பின்னர்ச் சென்னைக்கும் பெயர்ந்தது. பல்லாண்டு முயன்று அமைத்த ஆய்கூடம் கலைந்தும் இவருடைய ஊக்கம் கலைந்திலது.

இவர் ஆராய்ச்சியின் மாண்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். வெங்காயத் தோலில் உள்ள குவர்செட்டின் என்னும் மஞ்சட் பொருளுக்கும், பருத்திப் பூவிலுள்ள காசிபெட்டின் என்பதற்கும் வேற்றுமை ஒரே பிராணவாயு அணுவாகும். முன்னதில் 7, பின்னதில் 8. செடியானது எளிய பொருளை முதலில் ஆக்கி, அதன்மேற் பிராணவாயுவைச் சேர்த்துப் பிறவற்றைப் படிப்படியாக ஆக்குகின்றது என்று சேஷாத்திரி கருதினார். கருதியதோடு அமையாது, பெர்சல்பேட் என்னும் உப்பின் துணைகொண்டு குவர்செட்டினைக் காசிபெட்டினாக மாற்றியும் காட்டினார். நாம் தீயாலும் கடுந் திராவகங்களாலும் வருந்திச் செய்வனவற்றைச் செடியோ குளிர்ந்த இலையினுள் நொதிகளைக் கொண்டு முடிக்கின்றது. நொதியென்பது தான் அழியாது பிறவற்றின் மாற்றத்தை விரைவிக்கும் ஊக்கியாகும்.

1949இல் சர் மாரிஸ் குவையரின் அழைப்பை ஏற்று டில்லி சர்வகலாசாலைக்குச் சென்றார். 1960இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஓய்வு பெற்ற பின்னரும் ஆராய்ச்சியைக் கைவிடாது, 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். இவரிடம் பயின்ற மாணாக்கர் பலர் நாடெங்கும் பேராசிரியராயும் ஆராய்ச்சியாளராயும் விளங்கினர். அவர்தம் அறிவை விரைவித்த ஊக்கி இவரே என்பது மிகையன்று.

நண்பர்காள்! கருவியில்லை, பொருளில்லை என்று நாம் பன்முறை சோர்கின்றோம். காட்டுப் பூக்களை உற்று நோக்குமாறு நம் ஆண்டவர் பணித்ததை ஆலயத்திற் கேட்டு, வெளியே வந்ததும் மறக்கின்றோம். வைணவக் குடியிற் பிறந்த இப்பெரியாரோ ஒரு பருத்திப் பூவை வாழ்நாள் முழுதும் உற்று நோக்கினார். வேலியோரத்திற் பூத்திருப்பது இன்னும் ஆராயப்படாது நிற்கின்றது. நோக்குங் கண்களே வேண்டும்.