கொடைவள்ளல் பிரேம்சந்த் ராய்சந்த்

உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நால்வகைத் தானங்களையும் நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். இவற்றுள் கல்விக் கொடை எத்துணைக் காலம் நின்று பயன்தரும் என்பதை, பம்பாயில் வாழ்ந்த சமணப் பெருமகனார் பிரேம்சந்த் ராய்சந்த் அவர்களின் வரலாற்றால் நாம் உணரலாம்.

சூரத் நகரில் பிறந்த பிரேம்சந்த், இளமையிலேயே பெற்றோருடன் பம்பாய் சேர்ந்தார். ஆங்கிலம் கற்றுப் பங்குத் தரகில் ஈடுபட்டார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வருவது தடைப்படவே, இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பொன் மழை பொழிந்தது. பிரேம்சந்த் அந்நகரின் பெருஞ்செல்வருள் ஒருவரானார்.

அச்செல்வக் காலத்திலேயே அவர் கல்விக்கு வாரி வழங்கினார். 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்திற்கு 2 இலட்சம் ரூபாயும், மணிக்கூண்டிற்கு மேலும் 2 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1878இல் நிறைவுற்ற அக்கோபுரம், அவருடைய அன்னையின் பெயரால் இராஜாபாய் கோபுரம் என்று வழங்குகிறது. கண்பார்வை குன்றிய அவ்வம்மையார், கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் நோன்பை வழுவாது காக்க அம்மணியோசை உதவியது என்று செவிவழிச் செய்தி கூறும்.

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்குகள் வெற்றுத் தாள்களாயின. பிரேம்சந்தின் செல்வமும் கரைந்தது. பலர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அவ்வீழ்ச்சிக்கு அவரும் ஒரு காரணர் என்ற பழி அவரைச் சூழ்ந்தது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தின் அருமையை இவ்விடத்தில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் கொடுத்த பொருள் கரையவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த 2 இலட்சம் ரூபாய் நிலைநிதியாக வைக்கப்பெற்று, 1866இல் அவர் பெயரால் உதவித்தொகை நிறுவப்பட்டது. முதலைத் தொடாமல் அதன் வருவாயைக் கொண்டு, தகுதியில் சிறந்த மாணவருக்கு அது வழங்கப்பட்டது. கடனன்று, ஆதலின் திருப்பித் தர வேண்டுவதில்லை. கொடுத்தவர் குஜராத்தியர், பெற்றவரோ பெரும்பாலும் வங்காளத்து இளைஞர். தம் குலம், தம் ஊர் என்ற வரையறை அக்கொடையில் இல்லை.

1886இல் அதனைப் பெற்ற ஆசுதோஷ் முகர்ஜி, பிரேம்சந்த் மறைந்த 1906ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். சிற்றூர்க் கடைக்காரரின் மகனான மேகநாத சாஹா, பிறர் உதவியாலேயே பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தவர். அவர் 1919இல் இவ்வுதவித்தொகையைப் பெற்று, இலண்டனிலும் பெர்லினிலும் ஆய்வு செய்யும் வாய்ப்பைப் பெற்றார். விண்மீன்களின் ஒளியை ஆராயும் துறையில் அவர் பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

பிரேம்சந்த் தமக்கென வைத்துக்கொண்ட பொருள் ஓராண்டில் அழிந்தது. மாணவர்க்கென ஒதுக்கிய பொருளோ, அவர் மறைந்த பின்னும் பலரைக் கற்பித்தது. நம் இல்லங்களில் திருமணமோ நோன்பு நிறைவோ நிகழும்போது, சிறு தொகையேனும் ஓர் ஏழை மாணவரின் கல்லூரிக் கட்டணத்திற்கென நிலைநிதியாக வைப்போமாக. வசதி உள்ளபோதே அதனைச் செய்வோமாக.