மூதூரில் பிடிபட்டவன்

லிங்கநகரில் இருக்கிற எங்களுக்கு மூதூர் தூரமில்லை, கொட்டியாரக் குடாவின் மறுகரைதான். அங்கே ஒரு புளியமரத்தடியில் பிடிபட்ட வெள்ளைக்காரனின் கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். போருக்குப் பிறகுதான் அது எங்கள் கதைக்கும் கிட்டவாக இருப்பது புரிந்தது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிய 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பாய்மரத்தைத் திருத்தக் கொட்டியாரம் வந்தது. கப்டனின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். செய்தி சொல்ல மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவன் அப்படியே தப்பியிருக்கலாம். ஆனால் தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்து கைதியானான்.

1661 பெப்ரவரியில், பண்டார கொஸ்வத்தையில் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகனும் அதே காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தான். அடக்கத்துக்கு உதவி கேட்டபோது, உடலைக் காட்டுக்கு இழுத்துப் போகக் கயிற்றோடு வந்தார்கள். அவன் சம்மதிக்கவில்லை. கூட ஆள் பிடித்து, தன் கண் முன்னாலேயே தகப்பனை மண்ணில் வைத்தான். உறவுகளின் உடலுக்காக இன்றும் வீதியில் நிற்கிற தாய்மாருக்கு, அந்தப் பிடிவாதம் எதற்கென்று விளக்கத் தேவையில்லை.

பிறகு ஒரு நாள் ஒரு கிழவரிடம் ஆங்கிலப் புத்தகம் இருப்பதாகத் தெரியவந்தது. அது பைபிள். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். தொப்பி பின்னி, கோழி வளர்த்து, நெல்லைக் கடன் கொடுத்து, ஊர் ஊராகச் சாமான் விற்று 19 வருடங்களைக் கழித்தான். 1679இல் வியாபாரி வேடத்திலேயே ஒரு தோழனோடு அநுராதபுரம் வழியாக நடந்து, மன்னார்ப் பக்கத்தில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான்.

1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அரசனைக் கொடுங்கோலன் என்றே எழுதினார். ஆனால் சனங்களை அவனோடு சேர்த்துத் தண்டிக்கவில்லை. அவர்களுடைய குறைகளையும் சொன்னார். சமைக்கும்போது ஏழைகளுக்கென ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கும் அவர்களுடைய வழக்கத்தையும் மறக்காமல் எழுதினார். இதை மன்னிப்பு என்பதா? நியாயம் என்றே நான் சொல்வேன். எங்களிடம் மன்னிக்கச் சொல்கிற பலர் இந்த நியாயத்தைத்தான் தருவதில்லை.

அவரைப் புனிதராக்கவும் எனக்கு மனமில்லை. அதே மனிதர் 1684இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் கப்டனாக, சென் ஹெலினா தீவுக்கு அடிமைகளை வாங்க மடகஸ்காருக்குப் போனார். பட்ட துன்பம் மனிதனைத் தானாகவே திருத்திவிடுவதில்லை.

திருமணம் செய்யாமலே 1720இல் லண்டனில் இறந்தார். தன் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களை வைத்துக் கட்டி, முதுமையிலும் இலங்கையைப் பற்றி அதில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.