ஐஸ் ஹவுஸ் சகோதரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டம் மிகப் பரந்து கிடந்தது. தறியோசை ஓயாத காஞ்சிபுரமும், கூரத்தாழ்வான் பிறந்த கூரமும், சென்னையைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவும் அதனுள் அடங்கியிருந்தன. அம்மாவட்டம் முழுமைக்கும் நடத்தப்பெற்ற நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருவர் முதலிடம் பெற்றார். ஆண்பிள்ளைகளே பள்ளிக்குச் செல்வது அரிதாயிருந்த காலம் அது. எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். ஆயினும் அந்த வெற்றியால் அச்சிறுமியின் வாழ்க்கைப் பாதை மாறிவிடவில்லை. குல வழக்கப்படி இளம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. சில காலத்திற்குள் கணவர் இறந்தார். இல்லறம் இன்னதென்று அறியுமுன்பே அவர் கைம்பெண் ஆனார். அவரே சகோதரி சுப்புலட்சுமி.

1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர் சுப்புலட்சுமி. தந்தை சுப்பிரமணிய ஐயர், சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். தாய் விசாலாட்சி. அவர்களின் மூத்த மகள் இவர்.

அன்றைய உயர்சாதிக் குடும்பங்களில் கணவனை இழந்த சிறுமியின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். பூவும் பொட்டும் வண்ணச் சேலையும் அவளுக்கு விலக்கப்பட்டன. பல வீடுகளில் தலைமயிரும் களையப்பட்டது. ஒருவேளை உணவு, இருண்ட மூலை, ஓயாத வீட்டுவேலை ஆகியனவே அவளுக்கு எஞ்சியவை. அவள் எதிரே வந்தால் தீநிமித்தம் என்று வழிப்போக்கர் ஒதுங்கினர். பத்து வயதில் தொடங்கும் இந்த வாழ்வு எழுபது வயது வரையிலும் நீளக்கூடும்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் தம் மகளை அந்த மூலைக்கு அனுப்ப மறுத்தனர். தந்தை தாமே ஆசிரியராகி வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இன்னொரு கைம்பெண்ணும் இருந்தார். அவர் தாயின் தங்கையாகிய வாலாம்பாள். இந்தச் சித்தி பிற்காலத்தில் சுப்புலட்சுமியின் பணிகளுக்கெல்லாம் பின்னிருந்து தாங்கும் தூணாக விளங்கினார். பின்னர்ச் சுப்புலட்சுமி கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்து பயின்றார். குடும்பமும் செல்வமும் துறந்து பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட அப்பெண்கள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தனர். தம் சமயத்தில் நின்றபடியே, தாமும் அவ்வாறு வாழ இயலும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. சகோதரி என்று மக்கள் அவரைப் பின்னாளில் அழைத்ததும் பொருத்தமே.

அடுத்து, மாநிலக் கல்லூரி. இளைஞர்கள் நிறைந்த வகுப்பறைக்குள் ஒரு கைம்பெண் நுழைவது உறவினருக்கும் ஊராருக்கும் பொறுக்கவில்லை. சாதியைவிட்டு விலக்கிவிடுவதாக அச்சுறுத்தியவர்களும் உண்டு. சுப்புலட்சுமி யாரோடும் வாதிடவில்லை. கல்லூரிக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை. 1911ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறி, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்னும் பெருமையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

பட்டம் பெற்றவர் தம் நல்வாழ்வோடு நின்றிருந்தால், அவர் பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஒரு வரியாக மட்டும் எஞ்சியிருக்கும். ஆனால், அவர் கண்முன் இரண்டு சிக்கல்கள் நின்றன. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். ஆண் ஆசிரியரிடம் வளர்ந்த பெண்ணை அனுப்ப அவர்கள் ஒருப்படவில்லை. பெண் ஆசிரியர்களோ கிடைக்கவில்லை. திருமணமான பெண்களைக் குடும்பங்கள் வேலைக்கு விடுவதில்லை. இது ஒருபுறம். மறுபுறம், நூற்றுக்கணக்கான வீடுகளின் மூலைகளில் இளங்கைம்பெண்கள் வாழ்நாள் முழுவதும் முடங்கிக் கிடந்தனர். இவ்விரண்டையும் சுப்புலட்சுமி ஒன்றாக இணைத்துப் பார்த்தார். எவளை ஊர் பயனற்றவள் என்று ஒதுக்கியதோ, அவளையே ஆசிரியை ஆக்கினால் அவளுக்கும் வாழ்வு கிடைக்கும். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி கிடைக்கும். கேட்பதற்கு எளிய கணக்குதான். அதைச் செயலாக்குவதற்கு ஒருவர் வேண்டியிருந்தது.

1912இல் எழும்பூரில் இருந்த தந்தையின் வீட்டிலேயே பணி தொடங்கிற்று. வந்து சேர்ந்தவர்கள் நான்கே இளங்கைம்பெண்கள். அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தையும் அவர் நிறுவினார். வீட்டைவிட்டு வெளிவராத பெண்கள் ஒன்றுகூடவும், நூல்களைப் படிக்கவும், சொற்பொழிவு கேட்கவும் அச்சங்கம் இடமளித்தது. பெண்கல்வித் துறையில் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் ஐரோப்பியப் பெண்மணி இம்முயற்சியின் மதிப்பை உணர்ந்தார். அரசின் உதவி கிட்டத் துணைநின்றார். மாணவியர் பெருகவே, எழும்பூர் வீடு போதவில்லை.

சென்னைக் கடற்கரையில் வட்ட வடிவான முகப்போடு நிற்கும் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்திற்கு ஒரு விந்தையான வரலாறு உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1840களில் எழுப்பப்பட்டது அது. அவ்வணிகம் நலிந்தபின் கைமாறியது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897இல் அங்குத் தங்கினார். பின்னர் அக்கட்டடத்தை அரசு வாங்க, சுப்புலட்சுமியின் இல்லம் அங்கே குடியேறியது. பிறர் கண்ணில் படலாகாது என்று அடைத்துவைக்கப்பட்டிருந்த சிறுமியர், அகன்ற கடலுக்கு எதிரே அமர்ந்து பாடம் படித்தனர். ஊர் கூறிய இழிசொற்கள் அங்கும் தொடர்ந்தன என்பது உண்மையே; ஆயினும் அந்த வீட்டில் மாணவியர் எண்ணிக்கை குறையவில்லை.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இல்லத்தில் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களே சேர்க்கப்பட்டனர். உணவிலும் சடங்கிலும் பழைய ஆசாரங்கள் கடைப்பிடிக்கப்பட்டன. அவ்வாறு செய்யாவிடின் எந்தப் பெற்றோரும் தம் மகளை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது ஒரு விளக்கம். ஆயினும், அதே காலத்தில் கல்வியின் வாயில் அடைபட்டிருந்த பிற சமூகப் பெண்கள் எத்தனையோ பேர். இக்குறையை மறைத்து அவர் வாழ்வை எழுதுதல் நேர்மையாகாது. அவருடைய பிற்காலப் பணிகள் இந்த எல்லையைத் தாண்டி விரிந்தன.

இல்லத்தில் பயின்றவர்களை ஆசிரியைகளாக்கப் பயிற்சிக் கல்லூரி ஒன்று வேண்டியிருந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. சுப்புலட்சுமியே அதன் முதல் முதல்வர். கற்பித்துப் பழகுவதற்கென ஒரு பள்ளியும் அதனுடன் இணைக்கப்பட்டது. வயது கடந்தமையால் ஐஸ் ஹவுஸ் இல்லத்தில் சேர இயலாத பெண்களுக்கென 1927இல் சாரதா வித்தியாலயம் உருவாயிற்று. அது பின்னாளில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது.

கைம்பெண்களுக்குக் கல்வி அளிப்பது நோயின் விளைவுக்கு மருந்து. குழந்தைத் திருமணமே நோயின் வேர். இதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். அரசுப் பணியில் இருந்தமையால் இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராக அவருக்குத் தடை இருந்தது. அவர் உறுப்பினராகாமலேயே அச்சங்கத்தாரிடையே குழந்தை மணத்தின் கொடுமையைப் பற்றிப் பேசினார். மண வயதை ஆராய அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின் முன் தோன்றிச் சான்றளித்தார். 1930இல் நடைமுறைக்கு வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்காகவும் ஆணின் வயதைப் பதினெட்டாகவும் வரையறுத்தது. பதினான்கு என்பது இன்று நமக்குக் குறைவாகத் தோன்றலாம். மழலை மாறாத மகளுக்கு மணம் முடித்த சமூகத்தில் அது பெரும் மாற்றம்.

பணி ஓய்வு அவருக்கு ஓய்வாக அமையவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராகத் தொண்டாற்றினார். 1954இல், தம் அறுபத்தெட்டாம் வயதில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்கள், குழந்தைகளுக்கான நலமையம் அமையத் துணைபுரிந்தார். மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி உருவாவதிலும் அவர் பங்கு பெரிது. 1920இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும் 1958இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த மோனிகா பெல்டன் அவர் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 1966இல் அது வெளிவந்தபோது சுப்புலட்சுமிக்கு எண்பது வயதை எட்டும் பருவம்.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று அவர் மறைந்தார். கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. இளங்கைம்பெண்கள் கடலைப் பார்த்துப் பாடம் படித்த வீடு அதுதான்.