ஹென்றி போர்டும் காரின் வில்லும்

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பர்ன் என்னும் ஊரையடுத்த பண்ணை ஒன்றில் 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் ஹென்றி போர்டு பிறந்தார். தந்தையார் உழவர். பனி உருகும் காலத்தில் அந்நாட்டு மண்சாலைகள் சேறாகிவிடும்; வெயிலில் அச்சேறு காய்ந்து, வண்டித்தடங்கள் பள்ளங்களாக இறுகும். 1904ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஊர்ப்புறச் சாலைகளுள் கல்லோ சரளையோ பரப்பப்பெற்றவை நூற்றுக்கு 7 பங்கே.

போர்டின் உள்ளம் உழவை நாடவில்லை, பொறிகளையே நாடியது. 1896இல் தம் கையாலேயே சிறு மோட்டார் வண்டி ஒன்றைச் செய்தார். 1903இல் கார்த் தொழிலகம் நிறுவினார். அந்நாளில் கார் செல்வரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. உழவரும் வாங்கத்தக்க கார் வேண்டும் என்று அவர் கருதினார். அதன் பயனாக 1908இல் 'டி' மாதிரிக் கார் வெளிவந்தது.

வில்வண்டியில் ஒருமுறை ஏறியவர்க்கு வில்லின் அருமை விளங்கும். சக்கரம் குழியில் விழும்போது மென்மையான வில் வளைந்து அதிர்ச்சியைத் தானே ஏற்கும். விறைத்த வில்லோ அதனை அமர்ந்திருப்போர் முதுகுக்கே அனுப்பிவிடும். போர்டு, முன்னச்சின் மேல் ஒன்றும் பின்னச்சின் மேல் ஒன்றுமாக இரண்டே பட்டைவில்களைக் குறுக்காக அமைத்தார். வலச்சக்கரம் மேட்டில் ஏற, இடச்சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அச்சு சாய்ந்துகொடுக்கும், அடிச்சட்டம் முறுகாது. வனேடியம் கலந்த எஃகினால் கார் இலேசாகவும் உறுதியாகவும் அமைந்தது. தரையினின்று உயர்ந்து நின்றமையால் சேற்றையும் கடந்தது. 1927ஆம் ஆண்டுக்குள் ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பெற்றன.

அதற்குள் சாலைகள் திருந்தின, வேகம் கூடியது, நெடுந்தொலைவு செல்வோர் பெருகினர். பழைய அமைப்பிலோ முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு பிணைத்திருந்தது. அதன் வில்லை மேலும் மென்மையாக்கினால், வேகத்தில் சக்கரங்கள் நடுங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் மாரிஸ் ஓலி முதலிய பொறியாளர்கள் இதனை ஆராய்ந்தனர். முன்வில் பின்வில்லினும் மென்மையாயிருப்பின், கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் செல்லும் எனக் கண்டனர். அதற்காக முன்சக்கரங்களைத் தனித்தனியே அசையவிட்டனர். 1934இல் அத்தகைய கார்கள் விற்பனைக்கு வந்தன. மெத்தையில் அமர்ந்து செல்வதுபோன்ற அமெரிக்கக் கார்களின் பயணம் இவ்வாறு உருவாயிற்று.

போர்டு இதற்கு இசையவில்லை. குண்டுங்குழியுமான சாலையை எண்ணி அமைத்த குறுக்குவில்லை, அச்சாலை மறைந்த பின்னும் அவர் விடவில்லை. எளியவர்க்குக் கார் தந்த அறிஞர், தாம் ஒருமுறை வென்ற வழியையே என்றும் உரிய வழியாகக் கொண்டார். போட்டியிட்ட நிறுவனங்கள் பல அச்சை மாற்றியபோதும், அவர் தொழிலகத்தின் கார்கள் பழைய முறையிலேயே ஓடின.

1945இல் நிறுவனத்தின் தலைமை அவருடைய பேரரிடம் சென்றது. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் போர்டு தம் 83ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு ஜூன் திங்களில் அவர் பெயர் தாங்கிய புதிய கார் வெளிவந்தது. அதன் முன்சக்கரங்கள் சுருள்வில்களின் மேல் தனித்தனியே அசைந்தன. குறுக்குவில் அதில் இல்லை.