தோட்டத்தை வாங்கச் சொன்ன தோட்டக்காரர் மகன்: துன் வீ.தி. சம்பந்தன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஜாலான் துன் சம்பந்தன் வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்வருகிறார்கள். மோனோரயில் நிலையம் ஒன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் தலைநகரத்து மனிதர் அல்லர். பேராக் மாநிலத்தில், ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த சுங்கை சிப்புட் என்ற சிற்றூரின் மண்ணில் பிறந்து, அந்த மண்ணின் பிரதிநிதியாகவே நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர்.

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். எனவே சம்பந்தன் பிறந்தபோதே வசதி வீட்டில் இருந்தது. லயத்தில் வளர்ந்த பிள்ளை அல்லர் அவர். ஆனால் லயத்து வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைச் சிறு வயது முதல் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தபின், பட்டப்படிப்புக்காகச் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். இந்திய விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. காந்தியடிகளின் கொள்கைகளும் காங்கிரஸ் இயக்கத்தின் வேகமும் அந்த இளைஞரை ஆட்கொண்டன. போர் முடிந்த பிறகு மலாயா திரும்பியபோது, அப்பாவின் தோட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை.

அவர் திரும்பிவந்த சுங்கை சிப்புட் அமைதியான ஊராக இல்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி, அவருடைய 29ஆவது பிறந்த நாளன்று, அவ்வூரை அடுத்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டப்புறத் தமிழர்கள் ஒரு பக்கம் காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் மறு பக்கம் இராணுவத்திற்கும் நடுவில் அகப்பட்டுத் தவித்த ஆண்டுகள் அவை. தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். தோட்டத் தொழிலாளிக்காகப் பேச ஆள் குறைந்த நேரத்தில்தான் சம்பந்தன் பொதுவாழ்வில் கால் ஊன்றினார்.

முதலில் அவர் கை வைத்தது கல்வியில். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி உருவாக ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து பாடுபட்டார். 1954இல் அப்பள்ளியை நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். தோட்டத்துப் பிள்ளை மரம் சீவும் கத்தியோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பள்ளியில் கல்லும் சிமெண்டுமாக எழுந்தது.

1953இல் பேராக் மாநில ம.இ.கா. தலைவரானார். 1955இல் கட்சியின் தேசியத் தலைமை அவரிடம் வந்தது. அதுவரை ம.இ.கா. பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரத்துப் பிரமுகர்களின் கட்சியாக இருந்தது. தோட்டத்துத் தமிழருக்கும் அதற்கும் தூரம் அதிகம். சம்பந்தன் தமிழில் பேசினார், தோட்டம் தோட்டமாகப் போனார், கிளைகளைத் திறந்தார். கட்சி அடிமட்டத் தமிழர்களின் கட்சியாக உருமாறியது அவர் காலத்தில்தான்.

அதே 1955இல் நடந்த மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் கிந்தா உத்தாரா தொகுதியில் வென்றார். மொத்தம் 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி பிடித்தது. அன்றைய வாக்காளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 4 விழுக்காடுதான். அந்தச் சிறு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் 36 வயதில் தொழிலாளர் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், அதன்பின் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு என்று பொறுப்புகள் மாறின. 1959 முதல் சுங்கை சிப்புட் தொகுதி அவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது.

ஆனால் சம்பந்தன் என்றதும் பெரியவர்கள் முதலில் சொல்வது அமைச்சர் பதவியை அல்ல. தோட்டத் துண்டாடலை அவர் எதிர்கொண்ட விதத்தைத்தான்.

சுதந்திரத்திற்குச் சற்று முன்னும் பின்னும், ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். மொத்தமாக வாங்கிய தரகர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி இலாபத்திற்கு விற்றனர். பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு நிரந்தரத் தொழிலாளி எதற்கு? வேலை போனது. வேலையோடு வீடு போனது. வீட்டோடு தோட்டத்துப் பள்ளி, மருந்தகம், கோவில் எல்லாம் கேள்விக்குறியாயின. மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் வியர்வை சிந்திய குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு வீதிக்கு வந்தன. இந்தச் சீரழிவைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் நடந்த ஆய்வும் பதிவு செய்தது.

துண்டாடலைச் சட்டம் போட்டுத் தடுப்பது எளிதாக இல்லை. நிலம் மாநில அரசுகளின் அதிகாரத்தில் இருந்தது. அமைச்சராக இருந்தும் சம்பந்தனால் அதை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் அவர் வேறு வழியில் யோசித்தார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதென்றால், அதைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது?

1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். நாள் கூலியில் வயிற்றைக் கழுவிய மக்களுக்குப் பத்து வெள்ளி சிறிய தொகை அல்ல. பணம் திரும்பி வருமா என்ற பயமும் இருந்தது. நம்மாள் தோட்டம் வாங்குவதாவது என்று சிரித்தவர்களும் உண்டு. இருந்தும் கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வேறு தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன. அங்கே வேலையும் வீடும் தப்பின. சம்பளத்திற்கு மரம் சீவியவர் அந்த மரத்திற்கே பங்குதாரர் ஆனார்.

துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. வெளியேற்றப்பட்ட எல்லாரையும் அவரால் காக்க முடியவில்லை. 1969க்குப் பிறகு வேலை அனுமதி கட்டாயமானபோது, குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறியதையும் அவரால் தடுக்க இயலவில்லை. கூட்டணிக்குள் அவர் இன்னும் அழுத்தமாகக் குரல் எழுப்பியிருக்க வேண்டும் என்ற குறை அன்றும் பேசப்பட்டது.

கட்சிக்குள்ளும் புகைச்சல் வளர்ந்தது. புதிய தலைமை வேண்டும் என்ற குரல் ஓங்கியது. பிரதமர் துன் ரசாக் தலையிட்ட பின், 1973இல் 18 ஆண்டு காலத் தலைமையை விட்டு சம்பந்தன் இறங்கினார். வெ. மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார். சம்பந்தன் தேசிய ஒற்றுமைப் பணியில் தொடர்ந்தார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

1979 மே 18ஆம் தேதி, 60 வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் காலமானார். அரசியலுக்கு வந்தபோது இருந்த குடும்பச் சொத்து, போகும்போது பெரிதும் கரைந்திருந்தது. பொதுவாழ்வுக்கு வந்து சொத்து சேர்த்தவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

அவர் பெயரைத் தாங்கிய விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் கோலாலம்பூரில் இன்றும் நிற்கிறது. அதன் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால், விடியற்காலையில் பால் வாளியோடு கிளம்பிய ஏதோ ஒரு தாத்தாவின், பாட்டியின் பத்து வெள்ளி இருக்கிறது.